மனிதர் செய்யும் இரைச்சல்

கையடக்க ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அவள் ஆஸ்பத்திரி அங்கியொன்றின் கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது அங்கிகள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வருஷம் முழுக்க அந்த வேலை அவளுக்கு. சேராவிட்டால் பின் தெருக்காரிக்கு.

அவருக்கும் மதியம்தான் கெடு. ஏதோ ஆளில்லாத தீவில் நாலு பேர் கூடாரம் போட்டு ரேடியோ வைத்திருக்கிறார்களாம், இன்று மதியம் மூட்டை கட்டிவிடுவார்களாம். மாடியில் வைத்திருக்கும் தன் ஹாம் ரேடியோவில் அவர்களோடு தொடர்பு பிடிக்க மூன்று வாரமாகத் தவம் கிடக்கிறார். குறுக்கே இரைச்சல். வானம் செய்யும் இரைச்சலுக்கு ரேடியோக்காரர்கள் வைத்த பெயர் க்யூ.ஆர்.என், இடி மின்னலை அவர் மன்னித்துவிடுவார். மனிதர் செய்வது க்யூ.ஆர்.எம், அதற்கு மன்னிப்பில்லை. சாப்பிட வருகிறீர்களா என்று அவள் கதவருகே நின்று கேட்டால், மைக்கைக்கூடப் பொத்தாமல், தூரதேசத்து நண்பரிடம் "கொஞ்சம் க்யூ.ஆர்.எம்" என்று சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அர்த்தம் தெரியாதென்று இருபது வருஷமாக நம்பும் அப்பாவி.

இரைச்சலைத் தேடி எதிர்வீட்டு மின்விசிறியைக் குற்றம் சாட்டினார். பல் துளைக்கும் மெஷின்தான் காரணமென்று தெருமுனைப் பல் டாக்டரிடம் சண்டைக்குப் போய், வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளியின் முன்னால் அசடு வழிந்து திரும்பினார். சொந்த வீட்டு மெயினையும் அணைத்துச் சோதித்தார், அவள் தைக்காத ஞாயிற்றுக்கிழமை பார்த்து. நம் வீடு சுத்தம் என்று நோட்டில் எழுதியும் வைத்தார். பெடலை மிதித்தால் மாடியில் ரேடியோ அலறுவதும், காலை எடுத்தால் அடங்குவதும் அவளுக்கு முதல் வாரமே தெரியும். அவளிடம் யார் கேட்டார்கள்?

இப்போது அவர் கையிலிருந்த ரேடியோ, அவள் புதிதாகப் பூட்டிய தையல் மோட்டாரின் அருகில் வந்து காட்டுக்கத்தல் கத்தியது.

"நீதானா?"

"நானேதான்."

"மதியம் வரைக்கும் நிறுத்து."

"இன்னும் ஏழு அங்கி இருக்கு. அவங்ககிட்ட அப்படி என்னதான் பேசப் போறீங்க?"

"பேசுறதுக்கெல்லாம் நேரம் இருக்காது. என் குரல் எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு நம்பர் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன்."

"என்ன நம்பர்?"

"அஞ்சு, ஒன்பது. எல்லாருக்கும் அதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்புக்கூட வரவில்லை.

அவர் தையல் மோட்டாரின் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, முழங்கால் வலியை மறந்து இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். மேலிருந்து அவர் குரல் வந்தது. இந்த வீட்டில் யாருக்கும் வாய்க்காத தேன்குரல், தன் நிலையத்தின் அடையாள எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சியது. ஒருமுறை. பத்துமுறை. பிறகு மிக மெலிதாக, எங்கிருந்தோ ஒருவன் அந்த எழுத்துகளில் பாதியைத் திருப்பிச் சொன்னான்.

அவள் எழுந்து சுவிட்சைப் போட்டாள். உட்கார்ந்து, பாதியில் நின்ற அங்கிக் கையை ஊசிக்கடியில் நேராக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடலின் மேல் வைத்தாள்.