‘யாரோ’ இணைந்துள்ளது

செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் நடராசனுக்குப் பெயர் இல்லாத சரக்கு ஆகாது. முத்திரை குத்தாத கட்டையை வாசல் தாண்ட விடமாட்டார். வீட்டுக்கு வைஃபை வந்ததும் அந்தக் குணம் அதற்குள்ளும் புகுந்தது. புதிதாக எது சேர்ந்தாலும் அவர் போனில் டிங் என்று ஒலிக்கும். சில சாதனங்கள் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டு வரும். சில வெறும் எண்ணும் எழுத்துமாக வரும்; அவற்றுக்கு அவர் பெயர் வைப்பார். கமலம், வெண்பா, ஹால் டிவி. பக்கத்து வீட்டு தர்மராஜின் போனுக்கு ‘ஓசி’.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கம்பெனிப் பெயரைக்கூடக் காட்டாது. புதன்கிழமை மதியம் வரும், அரை மணி நேரம் இருக்கும், போய்விடும்.

“எம்மேல பழி போடாதீங்கண்ணே, நான் ஒரு போனுக்குத்தான் திருடுறேன்” என்றார் தர்மராஜ்.

நடராசன் அதற்கு ‘யாரோ’ என்று பெயர் வைத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றினார். ஓசி நின்றது. புதன்கிழமை யாரோ வந்தது. புது பாஸ்வேர்டு வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மனைவியைக் கேட்டார்.

“அந்தப் பெட்டிய ஒடச்சுப் போடுங்க” என்றாள் கமலம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வெண்பாவைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சேரன், விதைக்கடை. தரகர் பழமலை கொண்டுவந்த இடம். மூன்று வரனைக் கழித்துவிட்ட வெண்பா இதற்கு மட்டும் “உங்க இஷ்டம்ப்பா” என்றிருந்தாள். நடராசனுக்குக் கவலை வேறு. சூளையை நடத்துவது வெண்பா. எந்தச் சூட்டில் எந்தக் கட்டை வெடிக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் போனால் சூளையை மூட வேண்டியதுதான்.

சேரன் சோபாவில் உட்கார்ந்தான். நடராசனின் போன் டிங் என்றது. ‘யாரோ’ இணைந்துள்ளது.

வந்தவர்கள் யாருக்கும் அவர் இன்னும் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அன்புச்செல்வன் கேசரியை முடிக்குமுன் பேச்சை முடித்தார். “பொண்ணு புடிச்சிருக்குதுங்க. ஆனா கல்யாணத்துக்கப்பறம் சூளை கீளைன்னு வரக்கூடாது. எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போனதில்ல.”

“அது பேசிக்கலாங்க” என்ற நடராசன் சேரன் பக்கம் திரும்பினார். “தம்பி, இங்க டவர் சரியா கெடைக்காது. வைஃபை பாஸ்வேர்டு சொல்லட்டுமா?”

“வேணாங்க.”

“வேணாங்கறீங்களா, இருக்குதுங்கறீங்களா?”

சேரன் கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றது. கதவோரம் நின்ற வெண்பா மின்விசிறியை ஆராய்ந்தாள்.

“வாங்க தம்பி, மாடியக் காட்டறேன்.”

மாடியில் நடராசன் கேட்டார். “எத்தினி மாசமா?”

“எதுங்க?”

“புதன்கெழம.”

“ஏழு மாசங்க. சரக்கெடுக்க வரப்போ எதிர் டீக்கடையில உக்காருவேன். சத்தியமா வூட்டுக்குள்ள வந்ததில்லைங்க.”

“தெரியும். புதன்கெழமைல சிக்னல் ரெண்டு கோடுதான் காட்டுச்சு.”

“எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடுங்க.”

“எனக்குத் தெரிஞ்சு நின்னுச்சா? சூளை வெண்பா கையிலதான் இருக்கணும். அப்பாகிட்ட நீங்க பேசுங்க.”

“அவரு எதிர்ல நான் பேசினதே இல்லைங்க.”

“அப்ப நான் பேசட்டுமா?”

சேரன் இறங்கி ஹாலுக்கு வந்தான். “அப்பா, அவங்க சூளைக்குப் போவட்டும். ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து பஸ்ஸு இருக்குது.”

நடராசன் போனைக் கையில் எடுத்தார்.

“பஸ்ஸும் வேணாம்ப்பா. இங்கயே வூடு எடுத்துக்கறோம்” என்றான் சேரன்.

அன்புச்செல்வன் மகனைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார். பழமலை தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, நீ வாழப்போறவன்” என்றார். தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அன்புச்செல்வன் நடராசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ள எனக்கு எதிர்ல வாயத் தொறந்தவன் இல்லைங்க. உங்க பொண்ண ஒருவாட்டி பாத்ததுக்கே இப்பிடிப் பேசறான்.”

“எங்க வூட்டுக் காத்து அப்பிடிங்க” என்றார் நடராசன்.