பிரேக்கு அக்கா தேடிய மோப்பப் பெட்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்குத் தெருவில் 'பிரேக்கு அக்கா' என்றுதான் பெயர். பகல் முழுக்க மாணவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கை மிதித்தபடி, "மெதுவா, மெதுவா" என்று ஓதிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் சொந்தக் காரில் தனியாக ஏறினால் போதும், ஆளே வேறு. நாள் பூராவும் நத்தையோடு குடித்தனம் நடத்திய காலுக்குச் சிறகு முளைத்துவிடும்.

இந்த ரகசியம் தெருவுக்கு எப்படித் தெரிந்தது? எல்லாம் சலூன் வைத்திருக்கும் அவள் புருஷனின் புண்ணியம். வேகக் கேமரா எடுத்த படத்தோடு வீட்டுக்கு இரண்டு முறை நோட்டீஸ் வந்தது. இரண்டிலும் அக்காவின் வாய் அகலத் திறந்திருக்கிறது. பாடுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரு இன்னும் முடிவுக்கு வரவில்லை. மனிதர், அந்தப் படங்களை மட்டும் வெட்டிக் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவிட்டார். "கல்யாண ஆல்பத்துலகூட இவ இவ்ளோ சந்தோஷமா இல்லங்க" என்று, சவரத்துக்குக் கழுத்தை நீட்டியவர்களிடமெல்லாம் பெருமை.

பெருமைப்படுகிற விஷயமா அது? மூன்றாவது நோட்டீஸ் வந்தால் கற்றுக்கொடுக்கும் உரிமம் போய்விடும். அப்புறம் அவள் சலூனில் உதிர்ந்த முடியைக் கூட்ட வேண்டியதுதான். மெதுவாகப் போனால் தீர்ந்தது கதை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊருக்கே சொல்கிற வாய். சொந்தக் கால் கேட்டால்தானே. ஆகவே, கேமரா வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தாள். அதற்குத் தடையும் இல்லை என்று விசாரித்து வைத்திருந்தாள்.

கார் சாமான் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, கேமரா விடும் அலைகளை மோப்பம் பிடித்துக் கத்துமாம். இன்னொன்றுக்குக் கேமரா இருக்கும் இடமெல்லாம் மனப்பாடமாம், பெண்குரலில் பேசுமாம். ஓட்டிப் பார்த்து எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

சொந்தக் காரில் மாட்டிப் பார்க்க அவளுக்குப் பயம். சோதனையிலேயே மூன்றாவது படம் விழுந்துவிட்டால்? அதனால் பாடம் நடத்தும் காரில் மாட்டினாள். ஓட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மாதக்கணக்காகக் கற்றுக்கொள்கிறார், சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு அவரை முந்திப் போவார்கள்.

முதல் பெட்டி மருந்துக்கடை முன்னால் கத்தியது. வங்கி முன்னால் அலறியது. பெரிய அங்காடியின் முன்னால் ஒப்பாரியே வைத்தது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகளும் அதே மாதிரி அலைகளைத்தான் விடுமாம். பாவம், அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. அது கத்தும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடிக்காரர் வண்டியை நிறுத்தினார். அங்காடிக் காவலாளி ஓடிவந்து கார்க் கதவைத் திறந்து, இறங்குகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். இறங்கித் தொலைத்துவிடலாமா என்றிருந்தது அக்காவுக்கு.

மறுநாள் இரண்டாவது பெட்டி. நூலகத்து வளைவில் கேமராக் கம்பம் நெட்டையாக நிற்கிறது. கடந்தார்கள், பெட்டியிடம் மூச்சு இல்லை. திரும்பி வந்தார்கள், அப்போதும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்ததில், ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு இவர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். அக்கா கார் சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஊமைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டீரே என்று பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேகம் தாண்டினாத்தான் அது வாயத் தொறக்கும். நீங்க ஊர்வலம் போனா அது என்னத்தப் பேசும்?"

அக்கா சாலையைப் பார்த்தாள். முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை. எந்த மாணவரிடமும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"சார், கொஞ்சம் அழுத்துங்க."

"மேடம்?"

"அழுத்துங்கன்றேன்ல."

இந்த ஒரு சொல்லுக்காகவே பிறவி எடுத்தவர்போல அழுத்தினார் மனிதர். கார் துள்ளியது. மரங்கள் பின்னால் ஓடின. அவர் "ஹோ" என்று சின்னப் பிள்ளையாகக் கூவ, அக்காவின் வாய் தானாகத் திறந்து பாட்டு கிளம்பிவிட்டது. 'முன்னால் கேமரா, வேகத்தைக் குறைக்கவும்' என்றது பெட்டி, சாவகாசமாக. பாட்டு மும்முரத்தில் அது அக்காவின் காதில் ஏறவே இல்லை. கால்தான் கேட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகிய கால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் முக்கி முனகி, நல்ல பிள்ளையாகக் கம்பத்தைக் கடந்தது.

தப்பித்தோமா, மாட்டினோமா? தபால்காரர் தெருவில் நுழைந்தாலே அக்கா ஜன்னல் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அவர் தினமும் வெறும் புன்னகையோடு கடந்துபோனார். நோட்டீஸ் இனி வராது என்று நெஞ்சு நம்பிய பிறகு, இரண்டு பெட்டிகளையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்றதுக்கு ஆள் தேவையில்ல தம்பி. மிதிக்கத்தான் ஆள் வேணும். ஓட்டுற சீட்ல உக்காந்தா என் கால் என் பேச்சக் கேக்காது."

"அந்த மாதிரி மிஷின் எங்கயும் இல்லையேக்கா."

"சலூன்ல ஒண்ணு சும்மா கெடக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாடம் நடத்தும் காரில் அக்கா ஓட்டுநர் இருக்கையில். வாத்தியார் இருக்கையில் புருஷன், காலடியில் பிரேக்கு. லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். தெருமுனை தாண்டும் முன்பே மிதித்துவிட்டார்.

"என்னங்க, அது வெளக்குக் கம்பம்."

"நெட்டையா இருந்துச்சும்மா."

விளம்பரப் பலகைக்கு மிதித்தார். குடை பிடித்து நின்ற ஒருவருக்கும் மிதித்தார். கார் தெரு முழுக்கக் கும்பிடு போட்டுக்கொண்டே போனது. அக்கா பல்லைக் கடித்தாள், கொஞ்ச தூரம் திட்டினாள், அப்புறம் சிரிப்புப் பொத்துக்கொண்டு வர, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குலுங்கினாள். கேமராக் கம்பங்களை மட்டும் தேர்போல அசைந்து, அப்பழுக்கில்லாமல் கடந்தார்கள்.

அகலச் சாலை வந்தது. இங்கே எவ்வளவு போகலாம் என்று கேட்டார். நூறு என்றாள். அதையும் நம்பாமல், வேகப் பலகையைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"அப்ப நூறு போ. பாட்டையும் விடாத."

திங்கட்கிழமை காலை சலூன் கண்ணாடியில் மூன்றாவது படம் இருந்தது. போச்சு, உரிமம் போச்சு என்று தெருவே திரண்டு போய்த் துக்கம் விசாரிக்கத் தயாரானது. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது: இந்தப் படம் பக்கவாட்டில் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஓரத்தில் எடுத்தவரின் முழங்கால் தெரிகிறது.