முனியம்மாள் பெயரில் ஒரு பரிசோதனை

ஸ்ரீபெரும்புதூர்ச் சந்நிதித் தெருவில் குடியிருந்த குமுதவல்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிவேலைகள் அனைத்தையும் காலையில் ஒரே சுற்றாக முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். மாவு மில், தையற்கடை, தபாலாபீஸ் என்னும் வரிசை மாறாது. வழியில் நின்று எவரிடமும் வம்பு பேசமாட்டாள். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வாள். மகள் ஸுப்ரஜாவுக்கு வரன் நிச்சயமாகும் தறுவாயில் இருந்த 1991ஆம் ஆண்டுத் தை மாதத்திலும் அவ்வொழுங்கு குலையவில்லை.

ஆயினும், அன்று அவள் புறப்பட்டபோது அந்தச் சுற்றில் புதிதாக ஓரிடம் சேர்ந்திருந்தது. அது அரசு ஆஸ்பத்திரி. அவளுடைய சளிப் பரிசோதனையின் முடிவைக் கேட்க அன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

கார்த்திகையில் பிடித்த இருமல் விடவில்லை. மாலையானால் உடம்பு காய்ந்தது. ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. கணவர் ஸௌந்தரராஜன் கேட்டபோதெல்லாம் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தாள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், பிள்ளை வீட்டாருக்கு நெருங்கிய உறவு. அவரிடம் போனால் செய்தி மறுநாளே அங்கே போய்ச் சேரும். க்ஷயம் இருக்கும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஆகையால், சந்நிதித் தெருவார் மிதிக்காத அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். பெயரும் ஊரும் கேட்டார்கள். ஒரு கணம் விழித்தாள். பிறகு, தன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளின் பெயரும் ஊரும் நாவில் வந்தன. முனியம்மாள், பென்னலூர் என்று சொல்லிவிட்டாள். முனியம்மாள் வீட்டில் கலியாணத்திற்கு நிற்கும் பெண் எவளும் இல்லை. அவள் பெயருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் அப்போது தோன்றியது.

மாவு மில்லில் அரவை இரைச்சல் காதைப் பிளந்தது. ஆனால் குமுதவல்லிக்கு எல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது போலிருந்தது. பயப்படுவதற்குக்கூட அவளிடம் தெம்பு மிஞ்சவில்லை. பின்னால் வந்து நின்ற பக்கத்து வீட்டு ரத்னா அவள் தோளைத் தொட்டாள்.

"உங்க வீட்டு முனியம்மாளுக்கு டி.பி.யாம். தெரியுமா மாமி?"

முந்தின நாள் மாலையில் ஆஸ்பத்திரி ஊழியர் அண்ணாதுரை சைக்கிளில் பென்னலூருக்குப் போய், முனியம்மாள் வீடு எது என்று விசாரித்தாராம். அவள் வீட்டில் இல்லையாம். காசநோய்க்கு மருந்து கொடுப்பவர் அவர்தாம் என்பதால், அவர் எந்த வாசலைத் தேடினாலும் காரணம் ஊருக்கே விளங்கிவிடும். காலையில் தன் வீட்டுக்கும் வேலைக்கு வந்தவளை ரத்னா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். எதிர் வீட்டாரும் அப்படியே செய்தார்களாம்.

"பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கிட்டு இருக்கீங்க. அவ கை பட்ட டம்ளரெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க மாமி."

குமுதவல்லி "சரி" என்றாள். அரைத்த மாவின் சூடு கையில் பட்டபோதுதான், தனக்கு வரவேண்டிய முடிவு இன்னொருத்தியைப் பற்றிய வம்பாக வந்து சேர்ந்துவிட்டது என்பது புரிந்தது. அழுகை வரவில்லை. தையற்கடைக்குப் போய் ஸுப்ரஜாவின் ரவிக்கைக்குக் கை எவ்வளவு வைக்கவேண்டும் என்று சொன்னாள். தையற்காரர் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னாள். தபாலாபீஸில் இன்லண்ட் கடிதம் வாங்கிக்கொண்டாள். அதன்பின் கால்கள் தாமாகவே ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தன.

அங்கே வராந்தாவில் அண்ணாதுரையின் எதிரே முனியம்மாள் நின்றிருந்தாள்.

"நான் இந்தப் படியே ஏறுனதில்ல சார். எவளோ எம் பேரச் சொல்லிக்கினு போய்கீறா. ரெண்டு வூட்ல வேல போச்சு. பேரப்புள்ளைய எங்கிட்ட வுடமாட்டேன்றா மருமவ." குமுதவல்லியைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. "இதோ அம்மாவே வந்துட்சி. நீயே சொல்லும்மா. ஒரு நாளாச்சும் நான் இருமிக்கிறனா?"

இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அண்ணாதுரை வேறொரு முனியம்மாளைத் தேடிக்கொண்டிருப்பார். தான் வீட்டில் இருமிக்கொண்டே நிச்சயதார்த்தத்தை நடத்திவிடலாம். பக்கத்தில் படுத்துறங்கும் ஸுப்ரஜா என்றேனும் ஒரு நாள் இருமத் தொடங்குவாள்.

"பேர் கொடுத்தது நான்தான், முனியம்மா. வியாதி எனக்குத்தான்."

முனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் இருமிக்கினே கீறியா. ஒனக்கு அசிங்கம்னு எம் பேரக் குடுத்த. எனக்கு மட்டும் அது இன்னா பெருமையாம்மா?"

நோயைச் சொல்ல வெட்கப்பட்டவள், அந்த வெட்கத்தைத் தன்னினும் எளியவள் தலையில் இறக்கி வைப்பதற்கு வெட்கப்படவில்லையே என்பது அப்போதுதான் குமுதவல்லிக்கு உறைத்தது.

மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முழுவதும் குணமாகும் என்று அண்ணாதுரை விளக்கினார். வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நோய் வந்தது உங்க தப்பில்லம்மா. அத மறைச்சதுதான் தப்பு. அத இன்னொருத்தர் மேல போட்டது அதவிடப் பெரிய தப்பு."

அவள் தன் பெயரையும் தெருவையும் சொல்லி, மாத்திரைகளை வாங்கிக்கொண்டாள். மாவுப் பையை வாங்கிக்கொள்ள முனியம்மாள் வழக்கம்போல் கை நீட்டவில்லை. குமுதவல்லியே அதைத் தூக்கிக்கொண்டாள்.

"வா, முதல்ல ரத்னா ஆத்துக்குப் போவோம். அப்புறம் எதிராத்துக்கு. வியாதி எனக்குத்தான்னு நானே சொல்றேன்."

"பொண்ணு கல்யாணம்?" என்று முனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளையாத்துக்கும் இன்னிக்கே சொல்லிடப் போறேன்" என்றாள் குமுதவல்லி.