கடலாடாத சாமி

1990ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை, ஐயங்குளத் தெரு வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்த பாகம்பிரியாளின் இடது தோளில் பீரங்கிக் குண்டின் சில்லு ஒன்று பாய்ந்தது. அன்றைக்குத் திருவண்ணாமலையில் எந்தக் குண்டும் வெடிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைத்ததாகச் சொன்னார்கள். அந்த வெடியின் கல் பக்கத்து வயலுக்கே போய்ச் சேர்ந்திருக்காது. வீட்டுக் கூரையில் ஓட்டை இல்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை, ரவிக்கைகூடக் கிழியவில்லை. தோள் மட்டும் பிளந்து, மாவு முழுக்க ரத்தம். அண்ணன் அருணகிரி அவளை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டரம்மா இடுக்கியால் பிடுங்கிப் போட்ட சில்லு தட்டில் விழும்போது இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் கிடந்த பஞ்சு பொசுங்கியது. கேட்டவர்களிடம் கிரைண்டர் ஆணி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கல்லுரலில் ஆட்டியவளுக்குக் கிரைண்டர் ஆணி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவளுடைய கணவர் சாம்பமூர்த்தி குருக்கள் அப்போது இலங்கையில் இருந்தார். அண்ணாமலையார் கோயிலில் முறை பார்க்கும் குடும்பத்தில் அவர் இளையவர். வெளிநாடுகளில் குருக்கள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் சிவன் கோயில்களுக்கு ஆள் அனுப்ப ஊரில் ஒரு சிவப்பணி மன்றம் இருந்தது. மலேசியா, மொரீஷியஸ் என்றால் நான் நீ என்று போட்டி. திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் வருஷத்தில், இலங்கையின் கிழக்குக் கரையில் மணற்சேனை என்றொரு மீன்பிடி ஊர், அங்கே சாமி விளக்கில்லாமல் கிடக்கிறார் என்று மன்றத்தில் சொன்னபோது எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். சாம்பமூர்த்தி கையைத் தூக்கினார். சாமி பட்டினி கிடக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும், தன் வீட்டு உலையை அணைத்துவிட்டு ஓடுகிற மனுஷர் அவர். இரண்டு வருஷம்தான் என்றார்கள். மனைவியைக் கூட்டிப் போக மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. குருக்கள் பெரிய சடங்குக்கு உட்காரும்போது மனைவி பக்கத்தில் நின்று அவர் கையைத் தர்ப்பையால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவள் ஊரில் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லை முறுக்கி முடிச்சிட்டு, கூர்ச்சம் என்று அதற்குப் பேர், அதையே மனைவியாகப் பாவித்து இடுப்பில் செருகிக்கொள்ளலாம். காரியம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். புறப்படும் முந்தின நாள் பாகம்பிரியாள்தான் கூர்ச்சம் கட்டினாள். கட்டும்போது அவள் தலைமுடி ஒன்று முடிச்சுக்குள் சிக்கிக்கொண்டது. பூஜைச் சாமானில் ஒரு முடி கிடந்தால் மொத்தத்தையும் தூக்கி எறிகிற குடும்பம் அது. அவள் பார்த்தாள். எடுக்கவில்லை. போகிறவரோடு தன்னில் ஏதாவது ஒன்று போகட்டும் என்று நினைத்தாள். அதன்பின் அவள் பட்ட பன்னிரண்டு வருஷத்துக்கு, செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறு வருஷம் ஆனியில் மணற்சேனையில் திருவிழாக் கொடி ஏறியது. சாம்பமூர்த்தி கையில் காப்புக் கட்டிக்கொண்டார், கூர்ச்சத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்றாம் நாள் சண்டை மூண்டது. இரண்டு பக்கத்திலும் துப்பாக்கி, நடுவில் மணற்சேனை. கடற்கரையில் முள்கம்பி போட்டு மிதிவெடி புதைத்தார்கள். கடைசி நாள் சாமி கடலில் முழுக்காடினால்தான் கொடியை இறக்கலாம். கொடி இறங்கினால்தான் காப்புக் கட்டிய குருக்கள் ஊர் எல்லையைத் தாண்டலாம். சாமி கடலுக்குப் போக வழியில்லை. ஆகவே பத்து நாள் திருவிழா முடியாமல் நின்றது. நாலாம் நாள் பூஜையையே தினமும் திரும்பத் திரும்பச் செய்தார். கொடித்துணி நைந்து, வெயிலில் வெளுத்து, கடைசியில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இருக்கிறவரை கொடி இருப்பதாகத்தான் கணக்கு.

முதல் சில்லு கொடிமரத்தடியில் அவர் தோளுக்கு வந்தது. அவருக்கு ஒரு காற்று பட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரை நோக்கி வந்ததெல்லாம் பாகம்பிரியாளுக்குப் போயிற்று. ஆவணியில் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அவள் இரண்டு பல்லைக் கிண்ணத்தில் துப்பினாள். சாமி நகைக்கு வந்தவர்கள் அவர் விலாவில் கத்தியை இறக்கினார்கள். குளித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டிருந்தவள் சுவரெல்லாம் ரத்தம் தெறிக்கச் சரிந்தாள். ஒரு தோட்டா அவள் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போனது. டாக்டரம்மா வைத்தியத்துக்கு வைத்த கத்தி மட்டும் அடிக் கணக்கில் சேரவில்லை, அது அவளை அறுத்ததோடு சரி, அவரிடம் போகவில்லை. வீட்டுக்கு அனுப்புவதும் ஒரு மாதத்தில் தூக்கி வருவதுமாக இருந்து, அலுத்துப்போய், மலை தெரிகிற ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கே விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து வந்தது அடி மட்டுமல்ல. மணற்சேனையில் அவர் சாயரட்சைக்கு அபிஷேகம் செய்கிற நேரத்தில் அவள் கட்டிலுக்கடியில் தண்ணீர் சுரக்கும். பிறகு பால் வரும், சந்தனம் கரைத்தது வரும், மஞ்சள் நீர் வரும். அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வரும் ஆயா உண்ணாமலை வாளியும் துணியுமாகக் காத்திருப்பாள். “இன்னா ஐயிரம்மா, இன்னிக்கு ஜாஸ்தியா ஊத்துறாரு உங்க வீட்டுக்காரரு” என்பாள். மஞ்சள் நீரைத் தொட்டுக் காயத்தில் வைத்தால் சீழ் பிடிக்கவில்லை என்று தெரிந்தபின் டாக்டரம்மாவே ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டார். கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் நசுங்கி வந்தவர்களுக்கும் அதைத்தான் போட்டார்கள்.

அவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பதில் பாகம்பிரியாள் உறுதியாக இருந்தாள். அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. கோபம் நிறைய இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் அந்த மனுஷரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் தன் முடி சிக்கிய முடிச்சுதான் இதற்கெல்லாம் காரணம் என்று அவள் ஊகித்திருந்தாள். அவரிடம் சொன்னால் அதை அவிழ்த்துவிடுவார், அடுத்த தோட்டா அவர் நெஞ்சில் நிற்கும். அவள் அருணகிரியிடம் சொன்னாள்: “அண்ணா, இங்க எனக்கு ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்கா, நீ இருக்கே. அங்க அவருக்கு யார் இருக்கா?”

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கோடையில் தமிழ்நாடு முழுக்க இலங்கை என்று வாயைத் திறந்தாலே போலீஸ் வந்தது. ஒரு குருக்கள் பெண்டாட்டியின் உடம்பிலிருந்து தோட்டா தோட்டாவாக எடுக்கிறார்கள் என்ற சேதி கேட்டு, வெளியூரிலிருந்து சக்கரபாணி என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். அருணகிரியைக் கூட்டிப்போய் மூன்று நாள் உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். அதற்காகவே இன்னும் அடித்தார்கள். பிறகு சக்கரபாணி ஆஸ்பத்திரிக்கே வந்து, எவன்டி உன்னைச் சுட்டது என்று கேட்டு, கட்டிலில் கிடந்தவளை ஓங்கி அறைந்தார். அவளுக்கு ஈ உட்கார்ந்ததுபோலக்கூட இல்லை. அடித்தவருக்குத்தான் மணிக்கட்டு பிசகிற்று. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப்போனார், அப்புறம் வரவில்லை.

அந்த அறை மணற்சேனையில் விழுந்தது. தீபாராதனைத் தட்டை ஏந்தியிருந்த சாம்பமூர்த்தியின் கன்னத்தில், எதிரே சாமியைத் தவிர யாருமில்லாதபோது, ஐந்து விரலும் பதிந்தது. அதுவரை தன்மேல் எதுவும் படாததைச் சாமியின் கருணை என்று நினைத்து, அவர் துணிந்து துணிந்து எல்லாத் துப்பாக்கிக்கும் எதிரே போய் நின்றிருந்தார். இப்போது கன்னம் எரிய எரிய அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கூர்ச்சத்தின் புல்லில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. முடிச்சுக்குள் ஒரு தலைமுடி இருந்தது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாமியைப் பார்த்து, குருக்கள் பேசக்கூடாத வார்த்தைகள் பேசினார் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி காசியம்மாள். மணற்சேனையிலிருந்து படகேறி, மண்டபம் வழியாக அடி அண்ணாமலை அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவள். குருக்களின் மனைவியைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்து கும்பிட்டு நின்றாள். “உங்கட ஐயாவாலதான் அம்மா நாங்க உயிரோட இருக்கிறம். சுட்டாலும் அவருக்குப் படாது. ஆரும் வந்தா நாங்க அவருக்குப் பின்னால போய் நிண்டுகொள்ளுவம்” என்றாள். பிறகுதான் கட்டிலில் இருந்தவளின் கையை, தோளை, வாயைப் பார்த்தாள். அவள் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உண்ணாமலை அவளைத் தூக்கி உட்கார வைத்து, கட்டிலுக்கடிப் பாலைச் சுட வைத்துக் கொடுத்தாள். திரும்பிப் போகிற படகுக்காரன் ஒருவனிடம் காசியம்மாள் மூலமாகப் பாகம்பிரியாள் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாள்: முடிச்சில் கை வைக்க வேண்டாம்.

அவர் கை வைக்கவில்லை, வெளியேயும் வரவில்லை. ஐந்து வருஷம் அவர் கோழையாக இருந்தார். வெடிச்சத்தம் கேட்டால் கருவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூர்ச்சத்தை மடியில் வைத்துப் பொத்திக்கொள்வார். தன் வேட்டியைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டார், விபூதி வைத்தார், வெயில் காலத்தில் விசிறினார். ஆஸ்பத்திரியில் மின்விசிறி நின்றுபோன நேரத்திலும் ஜன்னலோரக் கட்டிலுக்கு மட்டும் காற்று வந்தது. அவள் காயங்கள் ஆறின. எழுந்து வராந்தா வரை நடந்தாள். மணற்சேனையில் அவருக்குப் பின்னால் நிற்க வந்தவர்கள் மூடிய கதவுக்கு வெளியே நின்று செத்தார்கள். அதையும் அவர் கதவுக்கு உள்ளே இருந்து கேட்டார்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆடி வெள்ளியன்று, பாகம்பிரியாளின் பின்னல் தானாக அவிழ்ந்தது. உண்ணாமலை இறுக்கிப் பின்னிவிட்ட தலை அது. பாகம்பிரியாள் எடுத்து முடிந்தாள். மறுபடி அவிழ்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மணற்சேனையில் ஊர் முழுக்க அன்று கோயிலுக்குள் ஒண்டியிருந்தது, குழந்தை குட்டிகளோடு. ஆயுதக்காரர்கள் வாசலில் நின்று எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். சாம்பமூர்த்திக்கு இந்தமுறை கதவைச் சாத்த மனசு வரவில்லை. அவர் வாசலுக்குப் போக முடிவு செய்து, போவதற்குமுன் மனைவியைக் காப்பாற்ற முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே அவிழ்த்தார், இவள் இங்கே முடிந்தாள். அவர் பல்லால் கடித்து இழுத்தார். அவள் கூந்தல் வேரோடு பிய்ந்து நெற்றியில் ரத்தம் வழிந்தது, வழிய வழிய இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்து முறுக்கினாள். “விடுங்கோ! சொன்னாக் கேளுங்கோ!” என்று அவள் போட்ட கத்தலில் பிரசவ வார்டிலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் போட்ட முதல் சண்டை அது. கடைசியில் உண்ணாமலையைக் கூப்பிட்டாள்: “பிடிச்சுக்கோடி, விட்டா என் தாலி போயிடும்.” உண்ணாமலை கட்டிலில் ஏறி, அவள் கொண்டையைத் தன் முந்தானையால் கட்டி, மேலே படுத்து அமுக்கிக்கொண்டாள்.

அங்கே முடிச்சு அவிழவில்லை. நேரமும் இல்லை. சாம்பமூர்த்தி அப்படியே வாசலுக்குப் போய்க் கையை விரித்து நின்றார். ஒருவன் துப்பாக்கி ரவை தீரும்வரை அவரைச் சுட்டான். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ரவைக்கும் கட்டில் எகிறியது. மெத்தையில் பஞ்சு பறந்தது. மேலே படுத்திருந்த உண்ணாமலையின் மேல் ஒன்றுகூடப் படவில்லை, அவளுக்கு அடியில் கிடந்தவளின் வயிற்றிலும் தொடையிலும் நெஞ்சிலும் ஒவ்வொன்றாகத் திறந்தது. சுட்டவன், சுட்ட பிறகும் நிற்கிறவரைப் பார்த்து, துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள். ஊர் பிழைத்தது. சாம்பமூர்த்தி வாசல்படியில் உட்கார்ந்து, இடுப்புக் கூர்ச்சத்திலிருந்து சொட்டுகிற ரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அன்றிரவும் மறுநாளும் டாக்டரம்மா அவளைத் தைத்தார். கட்டிலுக்கடியில் அன்று பால் முழங்கால் அளவு வந்தது. அங்கே ஊர்க்காரர்கள் இருந்த பாலையெல்லாம், கைக்குழந்தைகளுக்கு வைத்திருந்ததையும், கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவர் சாமிக்கு ஒரு சொட்டு விடவில்லை, எல்லாவற்றையும் கூர்ச்சத்துக்கே ஊற்றினார். அவள் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. தாலிக்காரர் உயிரோடு இருக்க நான் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டாளாம். அதன்பின் ஆறு வருஷம் மணற்சேனைப் பக்கம் துப்பாக்கி வரவில்லை, கொடிக்கயிறும் இறங்கவில்லை.

2002இல் சண்டை ஓய்ந்தது. மிதிவெடிகளை எடுத்தார்கள், முள்கம்பியை வெட்டினார்கள். சாமி கடலில் முழுக்காடினார். கயிற்றை இறக்கினார்கள், காப்பை அவிழ்த்தார்கள். கூர்ச்சம் மட்டும் அவிழவில்லை. அவர் திரும்பி வரும் வழியில் விமானம் விழுமோ, பஸ் கவிழுமோ என்று பயந்து பாகம்பிரியாள் கொண்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சாம்பமூர்த்தி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. கன்னத்தில் மட்டும் ஐந்து விரல் அப்படியே இருந்தது. கட்டிலில் அவர் விட்டுப்போன பெண் இல்லை. பல் போய், ஒரு கை மடங்கி, உடம்பெல்லாம் தையலாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவர் “பாகம்” என்றார்.

அவள் அவரைக் கிட்டே வரச் சொன்னாள். வந்ததும், பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, நல்ல கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். அவர் கன்னத்தில் சத்தம் கேட்டது. சிவந்தது அவள் கன்னம். பொறி கலங்கிப்போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “இதுகூட எனக்குத்தானா?” என்று கேட்டு அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த முடி தோளில் விழுந்தது. அவர் இடுப்பிலிருந்து கூர்ச்சம் புல் புல்லாகப் பிரிந்து தரையில் உதிர்ந்தது.

“இப்போ வாங்கோ” என்றாள். அவர் கன்னத்தைக் காட்டினார். இந்தமுறை அடி விழவேண்டிய இடத்தில் விழுந்தது. சாம்பமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு, இன்னொன்று கேட்டு மறு கன்னத்தையும் காட்டினார். அவள் கை ஓய்ந்து அவர் தோளில் கிடந்தது. சாயங்காலம் உண்ணாமலை வழக்கம்போல வாளியும் துணியுமாக வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. தர்ப்பைப் புல்லைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள், வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடி அண்ணாமலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.