தாய்மாமன் விற்ற வண்டி

வண்டி வாங்குவது என்று முடிவானதும் ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கண்ணாயி சொன்னதுதான் நடந்தது. அதை நினைத்துத்தான் அவள் இன்றைக்கும் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறாள்.

கொல்லிமலையில் தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுப்பில் கண்ணாயிக்கும் அவள் புருஷன் சின்னுசாமிக்கும் ஒன்றரை ஏக்கர் மிளகுத் தோட்டம், கொஞ்சம் மரவள்ளி, ஒரே மகள் கோகிலவாணி. பன்னிரண்டு வயது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. முடித்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார். ஆறு மாதம், புதன்கிழமை தவறாமல், பயிற்சிக்குக் கொண்டு வர வேண்டும். வந்தால் நடந்துவிடுவாள். விட்டால் கால் ஆயுசுக்கும் இழுத்துக்கொள்ளும். அதிலும் உட்கார வைத்துக் கொண்டு வரக்கூடாது, படுக்க வைத்துத்தான் கொண்டு வர வேண்டும்.

சொல்வதற்கு எளிதுதான். டாக்டர் கொல்லிமலை ரோட்டைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பார். எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்குகிற பஸ்ஸில் ஒற்றைக் காலை ஊன்ற இடம் கிடைத்தாலே பெரிய விஷயம், பிள்ளையைப் படுக்க வைப்பது எங்கே? இரண்டு புதன்கிழமை ஜீப் வாடகைக்கு எடுத்தார்கள். மூன்றாவது புதன்கிழமை சின்னுசாமி மடியில் இருந்ததை எண்ணிப் பார்த்தார், அந்த வாடகை கட்டுப்படியாகாது. பின் சீட்டை மடக்கினால் ஒரு பிள்ளை கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஓர் ஆம்னி வேன் சொந்தமாக இருந்தால் போதும், மற்ற நாளில் மிளகு மூட்டைக்கும் ஆகும் என்ற பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் மாதத் தவணை சொன்னான். மிளகுக்காரனுக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், மாதாமாதம் எங்கிருந்து வரும்? அது அன்றோடு சரி.

அடிவாரத்தில் காரவள்ளியில் மிளகு வாங்கும் பீர் முகமது பாய் தன்னுடைய பழைய ஆம்னியைக் கொடுப்பதாகச் சொன்னார். மூத்த மகன் அப்சருக்குக் கல்யாணம் ஆகிக் குடும்பம் பெருத்துவிட்டது, அவருக்குப் பெரிய வண்டி தேவைப்பட்டது. விலை தொண்ணூறாயிரம். கடையில் உட்கார வைத்து, இன்ஷூரன்ஸ், வரி கட்டின சீட்டு, ஆர்.சி. புக் எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பிக் காட்டினார்.

"பாதிப் பணம் குடுங்க கவுண்டரே, போதும். மீதிய ரெண்டு வருசத்து மிளகுல கழிச்சுக்கலாம். புள்ளையப் பாருங்க மொதல்ல" என்றார்.

வெளியே வந்ததும் கண்ணாயி கணவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மிளகுல கழிக்கறதுன்னா என்ன அர்த்தம்? ரெண்டு வருசத்துக்கு அவரு வெச்ச வெலதான். கழுத்தக் குடுத்துட்டு வரச் சொல்றீங்களா? என்ற தம்பிகிட்ட ஒரு ஆம்னி சும்மாத்தான நிக்குது!"

தம்பி என்றால் ராசப்பன். பெரக்கரை நாட்டில் இருந்தான். அன்னாசி ஏற்றி விற்கிறேன் என்று வேன் வாங்கி, அதைவிட்டு டீக்கடை வைத்து, அதையும் விட்டவன். பேச்சு மட்டும் கற்கண்டு. கோகிலவாணிக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துத் தோடு போட்டவன் அவன்தான். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அழுகையைப் பார்த்த கண்ணாயிக்குத் தம்பி மேல் இருந்த பாசம் ஒரு படி ஏறிவிட்டது.

"எழுவதாயிரம் குடுங்க மாமா, போதும். வெளியாளுக்குன்னா லட்சத்துக்குக் கொறைய மாட்டேன். என்ற மருமவ படுத்துட்டுப் போற வண்டி" என்றான்.

சின்னுசாமி ஒன்றும் ஏமாளி இல்லை. எஸ்டேட்டில் எட்டு வருஷம் ஜீப் ஓட்டியவர். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். டயரைத் தட்டினார். ஆறு மூட்டை மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கி, அதே பாரத்தோடு எழுபது வளைவும் ஏறினார். வண்டி எங்கும் திணறவில்லை, பிரேக் சுண்டினாற்போல் பிடித்தது. ஒரு குறையும் இல்லாத வண்டி. அவர் வண்டியைத்தான் சோதித்தார். மைத்துனனைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பணத்துக்கு மிளகுக்கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்களில் முப்பதை வெட்டி விற்றார்கள். மரம் சாய்ந்தபோது கொடியும் சேர்ந்து சாய்ந்தது. பத்து வருஷத்துக் கொடி. சின்னுசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

ஆடி மாதம் பிறந்து மூன்றாம் நாள் வண்டி கை மாறியது. ஆடியில் வாங்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள், ஆனால் புதன்கிழமைக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. மலையில் மாடு விற்றால், விற்கிறவன் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வான். கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் மாட்டோடு போய்விடுவாள். வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டு போக வேண்டும். கண்ணாயி அந்த முறையை விடவில்லை. மஞ்சள் தடவிய புதுக் கத்தாழைக் கயிறு ஒன்றைக் கொண்டு போய் வேனின் முன் கம்பியில் கட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ராசப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா செஞ்சதுதான் சரி" என்றான். "மாமா, அப்படியே இன்னொன்னு. ஆர்.சி. புக்கு சாமி மாடத்துல இருக்குது. வண்டிக்கு அதுதானுங்க கயிறு. ஆடியில அத எடுத்து வெளிய குடுத்தா எங்கூட்டுல வெளங்காதுன்னு மனசுக்குப் படுது. ஆவணி மொத வாரம் ஆபீசுக்கு ரெண்டு பேருமாப் போயி பேர மாத்திப்போடலாம்."

சின்னுசாமி தலையைச் சொறிந்தார். "அதில்ல மாப்ள, பேப்பர் கையில இருந்தா…"

"ஏனுங்க!" என்று கண்ணாயி அவர் வாயை அடைத்தாள். "மாட்டுக்காரங்கிட்டப் போயி கயித்தக் கேப்பாங்களா? நம்ம முறை தெரியாதவங்க மாதிரிப் பேசறீங்க."

சமவெளியில் இருக்கிற எவனிடமாவது போய் ஆர்.சி. புக்கும் மாட்டுக் கயிறும் ஒன்று என்று சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இவர்களுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பீர் முகமது பாய் மட்டும் அடுத்த முறை பார்த்தபோது, "புக்கப் பாத்தீங்களா கவுண்டரே? கையில வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். கண்ணாயிக்குச் சுருக்கென்றது. "எங்க பொறந்தவன் விசயத்த நாங்க பாத்துக்கறோமுங்க பாய்" என்றாள். அந்த வாரமே பாய் தன் ஆம்னியைத் துறையூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமைகள் கண்ணாயியின் வாழ்க்கையிலேயே நல்ல புதன்கிழமைகள். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்துக்கொண்டு ஆறரைக்குக் கிளம்புவார்கள். கோகிலவாணி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவாள். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் அவள் பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான்காவது வாரம் இரண்டு எட்டு வைத்தாள். கண்ணாயி அன்றே சோளக்காட்டுச் சந்தையில் தம்பியைத் தேடிப் பிடித்து, ரெண்டு எட்டு வைத்துவிட்டாள் என்று சொல்லி அழுதாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எந்த வழியில் போகிறார்கள், அடிவாரத்துக்கு எப்போது வருவார்கள் என்று அவன் அக்கறையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஐந்தாவது புதன்கிழமை, ஆவணி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எட்டு மணிக்குக் கடைசி வளைவைத் தாண்டிக் காரவள்ளிக்குள் நுழைந்தபோது ஒரு ஜீப் குறுக்கே நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் வேட்டி கட்டிய நடுவயதுக்காரர். வண்டி நம்பரை ஒரு தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "சாவியக் குடுங்க" என்றார்.

"யாருங்க நீங்க?" என்றார் சின்னுசாமி.

"பைனான்ஸ்லருந்து வாரோம். ராசப்பன்னு ஒருத்தரு இந்த வண்டி மேல கடன் வாங்கியிருக்காரு. புக்கு ரெண்டு வருசமா எங்ககிட்டத்தான் இருக்குது. பத்து மாசமா ஒரு தவணை கூடக் கட்டல."

சாமி மாடத்தில் இருக்கிறது என்று சொன்ன புக்கின் நகலை அவர் விரித்துக் காட்டினார். சின்னுசாமி படிக்கத் தெரிந்தவர். படித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று கண்ணாயிக்கு இருந்தது.

"எழுவதாயிரம் குடுத்து வாங்குனமுங்க" என்றாள் அவள். "மரத்த வெட்டிக் குடுத்தமுங்க. புள்ள உள்ள படுத்திருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"குடுத்ததுக்குச் சீட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தம்பியிடம் யார் சீட்டு வாங்குவார்கள்?

அந்த மனிதர் ஒன்றும் ராட்சசர் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர் பிள்ளையைக் கண்டதும் முகம் வாடினார். தன் ஆட்களை விட்டு மெத்தையோடு மெதுவாகத் தூக்கி, புளியமரத்தடி பெஞ்சில் கிடத்தச் சொன்னார். முன் கம்பியில் இருந்த கயிற்றை அவரே அவிழ்த்துக் கண்ணாயி கையில் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மேல ஊருக்குள்ள வந்தா கூட்டம் கூடிரும், வண்டிய எடுக்க உட மாட்டாங்கன்னு சொன்னாரு. புதன்கிழம எட்டு மணிக்கு அடிவாரத்துல நில்லுங்க, தவறாம வரும்னு அவருதான் சொன்னாரு."

"எவரு?"

"ராசப்பன்தானுங்க. வண்டியக் காட்டிக் குடுத்துட்டா கோர்ட்டு கேஸ் இல்லாம முடிச்சுக்கறோம்னு சொல்லியிருந்தோம்."

வேன் கிளம்பிப் போனது. கண்ணாயிக்கு அழுகை வரவில்லை. கடனை மறைத்து விற்றதைக்கூட, தம்பிக்கு என்ன நெருக்கடியோ என்று அவள் ஒரு நாள் மன்னித்திருப்பாள். ஆனால் மற்ற ஆறு நாளும் வண்டி மலை மேல்தான் நின்றது. பிள்ளை உள்ளே படுத்திருக்கிற ஒரே நாளை, அவள் ஆனந்தக் கண்ணீரோடு சொன்ன அதே நேரத்தை, அவன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சத்தம் கேட்டு பீர் முகமது பாய் கடையிலிருந்து ஓடி வந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய பெரிய வண்டியை அப்சர் திருச்சிக்குக் கொண்டு போயிருந்தான். சேலம் பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்து, கண்டக்டரிடம் கெஞ்சிக் கடைசி நீள சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அவர் முகத்தைக் கண்ணாயியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கோகிலவாணி வலி தாங்காமல் கம்பியைப் பிடிக்கவே மறுத்துவிட்டாள். இனி இப்படிப் பஸ்ஸில் தூக்கி வருவதாக இருந்தால் அவள் நடந்துவிடுவாள் என்று தான் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம் என்று டாக்டர் கோபமாகச் சொன்னார்.

சாயங்காலம் மலை ஏறுகிற பஸ்ஸிலும் கடைசி சீட்டுதான். முதல் வளைவிலேயே பிள்ளை உருண்டு கீழே விழப் பார்த்தாள். சின்னுசாமி தன் துண்டை அவள் இடுப்பில் மெத்தென்று சுற்றினார். அதன் மேல் அந்தக் கத்தாழைக் கயிற்றைக் கொடுத்து, கண்ணாயி அவளைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். எழுபது வளைவு. கோகிலவாணி அன்றைக்கு எண்ணவில்லை.

சோளக்காட்டில் பஸ் நின்றது. சந்தைக் கூட்டத்திலிருந்து ஒரு தலை நீண்டு, ஜன்னலோரம் வந்தது. ராசப்பன்.

"ஏனக்கா, பஸ்ஸுல வாரீங்க? வண்டி என்னாச்சு?" அவன் முகத்தில் அப்படி ஒரு கவலை. ஆஸ்பத்திரி வாசலில் அழுதானே, அதே முகம். "ரிப்பேருங்களா மாமா? ஒரு வார்த்த சொல்லி உட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டனா?"

சின்னுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் கோகிலவாணி தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து அவள் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"மாமா! நம்ம வண்டிய யாரோ புடுங்கிட்டுப் போயிட்டாங்க மாமா! நீ போயிக் கேளு மாமா!"

"அடப்பாவிகளா! அப்படியா கண்ணு? யாருடா அவனுங்க?" என்றான் ராசப்பன்.

கண்ணாயி கணவனைக் கையமர்த்தி உட்கார வைத்தாள். குனிந்து, மகளைச் சீட்டோடு கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி ஜன்னல் வழியாக நீட்டித் தம்பியின் கையில் வைத்தாள்.

"பழைய கயித்த நீயே வெச்சுக்கிட்ட ராசப்பா. இதையும் வெச்சுக்க. புதன்கிழம எட்டு மணிக்குப் புள்ளய எறக்கிப் போட்டுட்டு இத அவுத்துக் குடுத்தாங்க."

அவன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

"இனி எங்கூட்டு வாசப்படி மிதிக்காத. இவளுக்கு மாமன் இல்லைன்னு ஊர்ல சொல்லிக்கறோம்."

பஸ் நகர்ந்தது. கோகிலவாணிக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, கட்ட அவுத்துட்டியே, நான் உழுந்துருவேன்" என்று பயந்து அழுதாள்.

"உழ மாட்ட சாமி. நான் புடிச்சுக்கறேன்" என்று கண்ணாயி பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மகளைச் சீட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். தேவனூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.