வெள்ளை சோப்பு மட்டும்

எங்கள் பட்டறையில் தேய்ப்பது என் புருஷன் க்ளென். சோப்பு வாங்குவது நான். சோப்பு என்றால் குளிக்கிற சோப்பு இல்லை; சுற்றுகிற துணிச் சக்கரத்தில் தடவுகிற பாலிஷ் கட்டி. அலுமினியத்துக்கு முதலில் ப்ரவுன், அது கீறலை அறுத்தெடுத்துவிடும்; அறுத்தது கறுப்பாகச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அப்புறம் வெள்ளை, அது பளபளப்பு மட்டும் தரும். லிங்கராஜபுரத்தில் இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. நான் வாங்கி வைக்கிற கட்டியை எடுத்துத் தேய்ப்பாரே தவிர, அந்த மனுஷன் கடைப்பக்கம் போனதே இல்லை.

சப்ளையர் ஜெயராமனுக்கு போன் போட்டேன்.

"வெள்ளை மட்டும் ரெண்டு கட்டி அனுப்புப்பா."

"ப்ரவுன் வேணாமாக்கா? வெறும் வெள்ளை போட்டா கீறல் அப்படியே நிக்குமே!"

"நிக்கட்டும். கேட்டதை அனுப்பு, சும்மா தலையைத் தின்னாதே."

நிற்க வேண்டும் என்றுதான் கேட்டதே! வேலை எங்கள் மகன் தருணின் பைக் எஞ்சின் மூடிக்கு. போன வருஷம் டெங்குவில் போய்விட்டான், இருபத்திரண்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை வருஷப் பூசை. அவன் வண்டியிலேயே மாதா கோயிலுக்குப் போகணும் என்று க்ளென் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

அதன் ஓரத்தில் மூன்று கீறல். அவன் சின்னவனாக இருந்தபோது அது க்ளென் ஓட்டிய வண்டி. பன்னிரண்டு வயசில், அவர் இல்லாத நேரம் பார்த்து ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி, கை வழுக்கிப் போட்டுவிட்டான். மூஞ்சி வெளுத்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினேன். பார்க்கிங்கில் எவனோ உரசிவிட்டான் என்று க்ளென் ஒரு வாரம் திட்டித் தீர்த்தார். நானும் தருணும் சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஊர் வேலையே சரியாக இருந்ததால் சொந்த வண்டியை அவர் தேய்க்கவே இல்லை. அவன் போன பிறகு எத்தனை நாள் அந்த மூன்று கோட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! எனக்கென்று அவன் விட்டுப்போனது அதுதான்.

கட்டி வந்தது. மேசைமேல் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால், க்ளென் மூடியைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டுகிறார்.

"ப்ரவுன் சொல்ல மறந்துட்டே போல. பரவால்ல, நானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். பாரு, ஒரு கீறல் இல்ல. எம் புள்ளை வண்டி!"

விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. என் மூஞ்சிதான் தெரிந்தது.

"அட பாவி மனுஷா! யாரு உன்னைத் தேய்க்கச் சொன்னது?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் ஆஞ்சலா, நல்லா இல்லையா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. நான் போனதிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் தேய்த்திருக்கிறார். முகமெல்லாம் கறுப்புத் தூள்.

ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேனே, என்ன ஜென்மம் நான்! இனிமேல் சொன்னால் இந்த மனுஷன் தாங்க மாட்டார்.

"நல்லா இருக்குங்க," என்றேன்.

சக்கரத்தில் அப்பியிருந்த கறுப்பை வழக்கம்போலச் சுரண்டிக் குப்பையில் கொட்டப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதைக் கொட்டாதீங்க. எங்கிட்ட குடுங்க."

"அழுக்குடி அது. எதுக்கு?"

முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன்.