இரண்டு வீட்டுக்கும் பொதுவான புத்தகம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் கிடையாது. அவளுடைய நான்காம் வகுப்போ மூன்றாவது மாடியில். இடுப்பு மூட்டில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததும், ஒரு வருடத்துக்குப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வகுப்பைக் கீழே மாற்றித் தர முடியுமா என்று அவன் பள்ளிக்கு நாலு முறை நடையாய் நடந்தான். கீழ்த்தளம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள், அவர்களை எப்படி மேலே ஏற்றுவது என்று கையை விரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அந்த ஒரு வருடம் மகள் வீட்டிலிருந்தே படிப்பது என்று முடிவாயிற்று.

மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் பொடிசு, பேச்சு காரம்.

வீட்டில் படிக்க வைப்பதென்றால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும், மாதக் கடைசிக்குள். என்னென்ன புத்தகம் என்று பட்டியல் எழுத வேண்டும். பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: ‘நூல்கள் சமயச் சார்புடையவையா, பொதுவானவையா?’ இரண்டு கட்டங்கள். வேறு யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றில் கோடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இந்த வீட்டில் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் இருந்தது. அவன் பிறந்த வீட்டுச் சாமி வேறு, அவன் மனைவி பிறந்த வீட்டுச் சாமி வேறு. பதினோரு வருடத்துக்கு முன்னால் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். இரண்டு பேரும் அவரவர் வழக்கப்படியே கும்பிட்டு வந்தார்கள், ஒருவர் குறுக்கே ஒருவர் போகவில்லை. குழந்தையை மட்டும் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை, வளர்ந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாக்கு. இத்தனை நாள் அந்த வாக்கைக் காப்பாற்றுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. புத்தகத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. இப்போது அது இவர்கள் தலையில் விழுந்தது.

முதல் புத்தகப் பெட்டி மச்சான் கொண்டுவந்தது. மனைவியின் தம்பி, ஒரு பாடநூல் பதிப்பகத்தில் விற்பனைப் பிரதிநிதி. அந்தப் பதிப்பகத்தை நடத்துவது அவர்கள் சமயத்தார். கணக்கு, அறிவியல், மொழி, சமூகம் எல்லாம் வழவழப்பான தாளில், கலர் படங்களோடு. மருமகளுக்கு மாமன் சீர் என்று சிரித்துக்கொண்டே மேசையில் இறக்கினான்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அவனுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். அதனால் வாத்தியார் வேலை அவனுக்கு என்று ஆகியிருந்தது. ஒரு வாரம் காலை நேரத்தில் மச்சான் கொடுத்த புத்தகங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தான். உறுத்திய இடத்திலெல்லாம் மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டினான். வெளிச்சத்தைப் பற்றிய பாடம், வெளிச்சத்தைப் படைத்தவருக்கு நன்றி சொல்லித் தொடங்கியது. சமூகப் பாடத்தில் நல்ல குடும்பம் என்று போட்டிருந்த படத்தில், குடும்பம் அவர்கள் வழக்கப்படி பிரார்த்தனையில் இருந்தது. மொத்தம் முப்பத்தொரு சீட்டு.

மனைவி வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். அவளுக்கு முகம் சுருங்கியது.

“இதுல என்ன இருக்கு? எல்லாரும் சாதாரணமாச் சொல்றதுதானே இது.”

“எல்லாரும் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்ல சொல்வாங்க.”

வேண்டுமென்றே தன் தம்பி கொடுத்ததில் நொட்டை சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவனும் விடவில்லை. இரண்டு நாள் பேச்சு உப்பு, சர்க்கரை, மருந்து என்ற அளவில் நின்றது.

மூன்றாம் நாள் அவனே கடைவீதிக்குப் போய், நன்றாகப் புரட்டிப் பார்த்து, வேறொரு தொகுப்பு வாங்கிவந்தான். அப்பழுக்கு இல்லாதது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அதே மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எக்ஸ்ரே படத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. சாயங்காலம் ஆவதற்குள் மொழிப் புத்தகத்தில் மட்டும் இருபத்தேழு சீட்டு.

அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கதையில் வரும் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தால் சொல்லும் வணக்கம் அவன் வீட்டு வணக்கம். பரீட்சைக்குப் போகிற பெண் வாசலில் நின்று முணுமுணுப்பது, அவன் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரி. இவ்வளவையும் படித்திருக்கிறான், ஒன்றும் கண்ணில் படவில்லை. அவனுக்கு அது சமயமாகவே தெரியவில்லை, வெறும் வீட்டுப் பழக்கமாகத் தெரிந்திருக்கிறது.

“சாதாரணமாச் சொல்றதுதானே,” என்று அவள் அவன் பக்கம் பார்க்காமலே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அத்தோடு சண்டை முடிந்தது.

அதற்கப்புறம் ஒரு புத்தகக் கடைக்காரர் மூன்றாவது தொகுப்பு ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். இதில் சாமியே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். அறிவியல் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. தவளை தவளையாக இருந்தது, எரிமலை எரிமலையாக இருந்தது. ஆனால் சமூகப் புத்தகத்தைத் திறந்தால், சாமி கும்பிடுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள், பயந்தவர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் குத்தல். மனைவி புத்தகத்தை மூடி வைத்தாள். தன் அப்பா விவரம் தெரியாதவர் இல்லை என்றாள். அவன் தன் அம்மாவை நினைத்துக்கொண்டான். எந்தப் பக்கமும் சாயாத புத்தகம் வேறு, எல்லாப் பக்கமும் எட்டி உதைக்கிற புத்தகம் வேறு என்று இருவரும் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. ஒருவர் தேர்ந்தெடுத்ததை மற்றவர் படித்துத்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கணக்கு, மச்சான் கொடுத்ததே. அதில் பின்னத்தைச் சொல்லித்தந்த விதம் அவ்வளவு தெளிவு, சீட்டு ஒட்டியது இரண்டே இடம். அறிவியல் கடைக்காரருடையது. மொழிக்கு அவன் வாங்கியது, ஐந்து பாடங்களை நீக்கிவிட்டு. சமூகம்தான் மாட்டிக்கொண்டது. அதிலும் வரைபடம், மழை, தொழில்கள் எல்லாம் சரியாகிவிட்டன. ‘மக்களும் நம்பிக்கைகளும்’ என்ற ஒரு பாடத்துக்கு மட்டும் இருவருக்கும் பிடித்த மாதிரி ஒரு புத்தகமும் அகப்படவில்லை. அதை அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தார்கள். தெருவில் இறங்கினால் நாலுவிதமாகக் கும்பிடுகிறவர்களைப் பார்க்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் மறைப்பதும் சாய்வுதான் என்றாள் அவள்.

எழுதிவிடலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. அவன் அவள் வீட்டு நம்பிக்கையைப் பற்றி இரண்டு பக்கம், அவள் அவன் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம். பிறகு தாளை மாற்றிக்கொண்டு, அந்தந்த வீட்டில் பிறந்தவர் பிழை திருத்த வேண்டும்.

அவன் எழுதிப் பழக்கமில்லாதவன். வேலையிடத்தில் எழுதுவதெல்லாம் ‘கயிறு சரி, கதவு சரி, எண்ணெய் விட்டாயிற்று’ என்கிற அளவுதான். அதே தோரணையில் எழுதினான். இவர்கள் எத்தனை வேளை தொழுவார்கள், பிள்ளைக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள், சாவு வீட்டில் என்ன செய்வார்கள் என்று வரிசையாக. சனிக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே வந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தான். பேனா ஓரிடத்தில் நின்றது. ‘சாவு வீட்டில் இவர்கள் அழுவதில்லை’ என்று அவன் எழுதியிருந்தான்.

“அழுவோம்,” என்றாள்.

“அன்னைக்கு உங்க அப்பா தவறினப்ப யாரும் அழலையே. உள்ள இருந்து ஒரு சத்தம் வரலை.”

“சத்தம் போட்டு அழ மாட்டோம். நீங்க வெளியவே நின்னுட்டிருந்தீங்க. உள்ள வந்திருந்தாப் பாத்திருப்பீங்க.”

ஆறு வருடத்துக்கு முந்தைய நாள் அது. மாமனார் வீட்டு வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றிருந்தான். கல்யாணத்துக்கு வராத மாமனார், அவருடைய ஆட்கள். உள்ளே போனால் முகம் சுளிப்பார்கள், அவள் துக்கத்தில் இது வேறு வேண்டாம் என்று நினைத்திருந்தான். அதை மெல்லச் சொன்னான்.

“எங்க வழக்கத்துக்குள்ள வர உங்களுக்குப் பிடிக்கலைன்னு நான் நினைச்சேன்,” என்றாள் அவள். “தம்பி ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தான். கூப்பிட்டா வருவீங்களோ மாட்டீங்களோன்னு திரும்பிட்டான். எம் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.”

அவன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவினான். பிறகு, அந்த வரியை நீயே எழுதிவிடு என்றான். அவள் அடித்துவிட்டு எழுதினாள்: ‘சாவு வீட்டில் இவர்கள் சத்தமில்லாமல் அழுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.’

அன்று மதியம் மச்சான் வந்தான். தான் கொடுத்ததில் கணக்கு மட்டும்தான் தேறியது என்று கேட்டு அவனுக்கு வருத்தம். மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தான்.

“எட்டு வருஷமா இதை விக்கிறேன் மாமா. இப்படி உக்காந்து படிச்சதில்ல,” என்றான். இதைப் பதிப்பகத்தில் சொல்வாயா என்று மாமா கேட்டதற்கு, சொன்னால் வேலை போய்விடும் என்று சிரித்தான். ஆனால் சாவு வீட்டுப் பத்தியைப் படித்துவிட்டு, அதில் ஒரு சொல்லின் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தான். போகும்போது அக்காள் புருஷன் தோளில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றான்.

கல்வி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கடைசி வரியில் நிமிர்ந்தார். பதிப்பகம் என்ற இடத்தில் ‘சொந்தமாக எழுதியது’ என்று இருந்தது. நான்கு பக்கத்தையும் வாங்கி அங்கேயே நின்றபடி படித்தார். இதில் எது யாருடைய சமயம் என்று கேட்டார். படித்தால் தெரிகிறதா என்று அவன் திருப்பிக் கேட்டான். தெரியவில்லை என்றார் அந்த அம்மாள். ‘பொதுவானவை’ என்ற கட்டத்தில் தானே ஒரு கோடு போட்டு முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை பாடம் தொடங்கியது. இவ்வளவு பாடுபட்டு எழுதிய நான்கு பக்கத்தையும் மிளகு கால் மணி நேரத்தில் படித்து முடித்தாள். இரண்டு பேருடைய பிள்ளையாகவும் இருந்து வளர்ந்தவளுக்கு அதில் முக்கால்வாசி தெரிந்ததுதான். அப்பா ஏதாவது கேள்வி வரும் என்று காத்திருந்தான். என்னவெல்லாம் கேட்பாள், எப்படியெல்லாம் பதில் சொல்வது என்று முந்தின நாளே மனைவியோடு பேசி வைத்திருந்தான்.

“அப்பா, இதுல பரீட்சை உண்டா?”

“இல்ல.”

“அப்பச் சரி,” என்று தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவள் எரிமலைப் பாடத்தைத் திறந்தாள்.